கயிற்றுக்கு இந்தப் பக்கம்

கண்காட்சிக் கூடத்தின் கதவைத் திறந்து அரை மணி ஆகியிருக்காது. முதல் ஆள் கேட்டுவிடுவார்: "இதையெல்லாம் பசை போட்டு ஒட்டியிருக்கிறீர்களா?"

இல்லை என்பேன். நம்பமாட்டார். "ஒட்டாமல் எப்படி நிற்கும்?" என்று பக்கத்திலிருக்கும் மனைவியிடம், எனக்குக் கேட்கிற மாதிரியே சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். அடுத்தவர் எத்தனை பீஸ் என்பார். அதற்கடுத்தவர் மொத்தம் எவ்வளவு செலவு என்பார். அதுவும் என் வீட்டுக்காரி சாப்பாட்டு டப்பாவைக் கொண்டுவந்து கொடுக்கிற நேரமாகப் பார்த்து. லெகோ கம்பெனியில் வேலையா, இதற்குச் சம்பளம் உண்டா, இந்த செட் எந்தக் கடையில் கிடைக்கும் என்று மாலை நாலு மணிவரை அதே கேள்விகள் சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்கும். எங்கள் ரயில்களைவிட ஒழுங்காகவே வரும்.

நியூ ஜெர்சியிலும் பக்கத்துப் பென்சில்வேனியாவிலும் நவம்பர் பிறந்தால் ரயில் கண்காட்சிகள் களைகட்டிவிடும். கிறிஸ்துமஸ் மரத்தடியில் பொம்மை ரயில் ஓட்டுவது இந்த ஊர்ப் பழக்கம். அந்தச் சூட்டோடு குளிர்காலம் முழுக்க ஏதாவது ஓர் ஊரில் ஏதாவது ஒரு கூடத்தில் ரயில் ஓடும். தீயணைப்பு நிலையத்து விருந்துக் கூடம், பள்ளிக்கூட ஜிம், சர்ச்சின் அடித்தளம் என்று எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே. மாடல் ரயில் கட்டுவதிலேயே ஆயுளைக் கழித்த தாத்தாக்கள் தங்கள் 1:87 அளவு ரயில்களோடு கூடத்தின் நடுவை எடுத்துக்கொள்வார்கள். கழிப்பறைக்குப் போகிற வழியில் இருக்கும் மூலை, லெகோ ரயில் கிளப்புக்கு. அந்த மூலையில் கயிறு கட்டி, கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்கிற வயசான ஆம்பிளைகளில் நானும் ஒருவன்.

ஒட்டியிருக்கிறீர்களா என்று கேட்பவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. 2021இல் நியூயார்க் மாநிலத்தின் கோஷனில் லெகோலாண்ட் திறந்துவிட்டார்கள். பிள்ளையோடு அங்கே போய்வராத குடும்பம் இந்தப் பக்கத்தில் குறைவு. அங்கே மழையிலும் வெயிலிலும் நிற்கிற கட்டடங்களை ஒட்டித்தான் வைக்கிறார்கள். ஒட்டாவிட்டால் ஒரு காற்றுக்குத் தாங்காது. எங்கள் கதை வேறு. ஞாயிறு மாலை எல்லாவற்றையும் பிரித்துப் பெட்டியில் போட வேண்டும். இந்த மாதம் ஸ்டேஷன் கூரையாக இருந்தது அடுத்த மாதம் பாலத்துக்குத் தூண். 1958இல் காப்புரிமை பதிவான கட்டையின் மேல் நேற்றுக் கடையில் வாங்கிய கட்டை இன்றைக்கும் 'டக்'கென்று உட்காருகிறது. அதில் போய்ப் பசையைத் தடவ மனசு வருமா?

ஆனால் என் வயிற்றெரிச்சல் பசையைப் பற்றியது அல்ல. நிற்கிற பொருளைப் பற்றியே எல்லோரும் கேட்கிறார்களே என்பதுதான். கட்டடம் எப்படி நிற்கிறது, கோபுரம் எப்படி நிற்கிறது, பெர்ரிஸ் வீல் விழாதா? நிற்கிறதெல்லாம் வெள்ளிக்கிழமை ராத்திரியே நின்றுவிட்டதய்யா! கட்டிக்கொண்டுவந்து வைத்தோம், நிற்கிறது. ஓடுகிறதே ஒன்று, அது எப்படி ஓடுகிறது என்று ஒருவராவது கேட்கிறாரா? ரயில் ஓடிக்கொண்டிருக்கும்வரை அது யார் கண்ணிலும் படுவதில்லை. நின்றால் மட்டும், "ஏன் நின்னுபோச்சு?" என்று நாலு பேர் ஒரே குரலில்.

சொல்கிறேன், கேளுங்கள். கூடத்துக்காரர்கள் தரும் மடக்கு மேசைகளில் இரண்டு ஒரே உயரத்தில் இருந்ததாகச் சரித்திரமே கிடையாது. கீழே கார்ப்பெட். ஆகவே வெள்ளி இரவு நாங்கள் செய்கிற முதல் வேலை, மேசைக்கு அடியில் தவழ்ந்து, காலுக்குக் கால் அட்டையை மடித்துச் செருகுவது. கட்டையின் மேல் துருத்திக்கொண்டிருக்கும் குமிழ்தான் எங்கள் அளவுகோல். லெகோவின் நேர்த் தண்டவாளம் ஒன்று பதினாறு குமிழ் நீளம்; பன்னிரண்டே முக்கால் சென்டிமீட்டருக்குச் சற்றே அதிகம். வளைவுத் துண்டு பதினாறு சேர்ந்தால் ஒரு வட்டம். ஆறு மீட்டர் நீளமும் இரண்டு மீட்டர் அகலமும் உள்ள ஒரு சுற்றுக்குச் சுமார் 120 இணைப்புகள் வரும். அவற்றில் ஒன்றே ஒன்று அரை மில்லிமீட்டர் வாய் திறந்தால் போதும், சக்கரம் ஏறி இறங்கி வண்டி கவிழும். எங்கள் மேசையில் நாலு சுற்று ஓடும். மனுஷன் முழங்கையை மேசைமேல் ஊன்றிக்கொண்டு எத்தனை பீஸ் என்று கேட்கும்போது என் கண் அவர் முகத்தில் இருக்காது, முழங்கைக்குப் பக்கத்து இணைப்பில் இருக்கும். மரியாதை தெரியாதவன் என்று நினைத்துக்கொள்வார். நினைத்துக்கொள்ளட்டும்.

மின்சாரம் தனிக் கதை. 1966இல் முதல் லெகோ ரயில் வந்தபோது நாலரை வோல்ட் பேட்டரி. பிறகு 12 வோல்ட். 1991இல் 9 வோல்ட் வந்தது. தண்டவாளத்தின் மேலேயே உலோகத் தகடு. அதில் மின்சாரம் பாயும், மோட்டார் சக்கரம் வழியாக எடுத்துக்கொள்ளும். பேட்டரி தேவையில்லை, நாள் பூரா ஓடும். நல்லதாக ஒன்று இருந்தால் நிறுத்திவிட வேண்டும் என்பது உலக நியதி போலிருக்கிறது. அடுத்த பத்தாண்டின் பிற்பாதியில் அதையும் நிறுத்தினார்கள். ரிமோட் வந்தது, பிறகு வேறு ரிமோட், 2018இல் புளூடூத். ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு பிளக். கிளப்பில் ஆளுக்கொரு காலத்து வண்டி. வெளிச் சுற்று இரண்டும் பழைய 9 வோல்ட், உள்சுற்று பேட்டரி வண்டிகளுக்கு என்று பங்கு போட்டு ஓட்டுகிறோம்.

9 வோல்ட்டில் கன்ட்ரோலர் பக்கம் சீறிப் பாய்கிற வண்டி மேசையின் மறுகோடிக்குப் போனால் முனகும். அத்தனை இணைப்புகளைத் தாண்டிப் போவதற்குள் வோல்ட் தேய்ந்துபோகிறது. நாலு இடத்தில் தனித்தனியாக ஒயர் கொடுக்க வேண்டும். நாலும் ஒரே பக்கமாக இருக்க வேண்டும். ஒன்று திருப்பிப் போட்டால் ஷார்ட். அந்த ஒன்று எது என்று தேட வேண்டியது எப்போதும் ராத்திரி பதினொரு மணிக்கு, கூடத்துக் காவலாளி சாவிக் கொத்தை ஆட்டிக்கொண்டு நிற்கும்போது.

பேட்டரி வண்டியில் இந்தத் தொல்லை இல்லை. ஆறு 'டிரிபிள் ஏ' பேட்டரி போட்டால் ஓடும். மத்தியானம் தீர்ந்துபோகும். மாற்ற வேண்டுமென்றால் வண்டியின் கூரையைக் கழற்ற வேண்டும். கூரையில் புகைபோக்கி, மணி, கைப்பிடி என்று எண்ணி எண்ணி வைத்ததெல்லாம் கையோடு வரும். அகச்சிவப்பு ரிமோட்டில் சேனல் நாலேதான். கூட்டத்தில் ஒரு ஆள் தன் ரிமோட்டைப் பையில் போடும்போது சேனல் சுவிட்ச் நகர்ந்தால் தீர்ந்தது. போன குளிர்காலத்தில் அப்படித்தான். ஸ்டேஷனில் சாதுவாக நின்றுகொண்டிருந்த சரக்கு வண்டிக்கு, மேசையின் இன்னொரு பக்கத்தில் யாரோ அழுத்திய பொத்தான் உயிர் கொடுத்தது. அது முழு வேகத்தில் கிளம்பி, பாயிண்ட்டைத் தாண்டி, எதிரே வந்த பயணிகள் வண்டியின் வயிற்றில் இறங்கியது. இரண்டு பெட்டி மேசையை விட்டே பறந்து தரையில் நூறு சில்லாகச் சிதறின. கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். அன்றைக்கு எங்களுக்குக் கிடைத்த ஒரே கைத்தட்டல் அதுதான். ஒரு பையன் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்து, மறுபடி எப்போது இடிக்கும் என்று கேட்டான். ஞாயிற்றுக்கிழமையும் வந்திருந்தான்.

சக்கர அச்சில் முடி சுற்றிக்கொள்வதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். மனுஷத் தலைமுடி, நாய் முடி, கார்ப்பெட் நூல். எங்கிருந்துதான் வருமோ, மேசைமேல் இருக்கிற தண்டவாளத்துக்கு ஏறி வந்துவிடும். வண்டி மெதுவாகிறதே என்று எடுத்துத் திருப்பிப் பார்த்தால் அச்சில் கறுப்பாக ஒரு வளையம். இடுக்கியால் ஒவ்வொரு இழையாக உருவி எடுக்க வேண்டும். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, குனிந்து அந்த வேலையில் இருக்கும்போதுதான் முதுகில் தட்டி, "இது ஒட்டினதா?"

எங்கள் கிளப்பில் ஒருவர் ஜிஜி1 கட்டினார். பென்சில்வேனியா ரயில்ரோடின் மின்சார எஞ்சின். 1934இலிருந்து 1943வரை 139 எஞ்சின்கள் செய்தார்கள். ரேமண்ட் லோவி வடிவம் கொடுத்தது. கரும்பச்சை உடம்பில் மூக்கிலிருந்து மூக்குவரை ஐந்து தங்கக் கோடுகள். இந்த நியூ ஜெர்சி தடத்திலேயே 1983 அக்டோபர்வரை ஓடியது. அதை லெகோவில் கட்டுவதென்பது லேசில்லை. உடம்பு முழுக்க வளைவு. நம்மிடம் இருப்பதோ சதுரக் கட்டை. நம்முடைய மிக மெல்லிய தட்டே மூன்று மில்லிமீட்டருக்கு மேல் தடிமன், கோடோ நூல் மாதிரி. கடைசியில் கோடுகளுக்கு மட்டும் ஸ்டிக்கர் ஒட்டினார். அதற்கு ஒரு பஞ்சாயத்து நடந்தது. பசையே கூடாது என்கிற கூட்டம் ஸ்டிக்கரை விட்டுவிடுமா?

அதோடு முடியவில்லை. நீள எஞ்சின், எட்டுக் குமிழ் அகலம். லெகோ தருகிற வளைவு ஒரே அளவுதான், நாற்பது குமிழ் ஆரம். கணக்குப் போட்டால் நிஜ ரயிலுக்குப் பதினைந்து மீட்டர் ஆரத்தில் திரும்பச் சொல்வதற்குச் சமம். எந்த எக்ஸ்பிரஸும் அப்படித் திரும்பாது. இவர் அடிச் சட்டத்தை மூன்றாகப் பிரித்து, முன்னும் பின்னும் தனித்தனியாக அசைய வைத்து, ஒருவழியாகத் திருப்பிவிட்டார். திரும்பும்போது வயிறு உள்ளேயும் மூக்கு வெளியேயும் பிதுங்கும். மூக்கு போகிற வழியில் இன்னொருவர் ஆறு குமிழ் அகல வண்டிக்குக் கணக்காகக் கட்டிய பிளாட்பாரம். சனிக்கிழமை காலை கதவு திறக்கக் கொஞ்ச நேரம் இருக்கையில் முதல் சுற்று விட்டார்கள். பிளாட்பாரத்தின் ஓரம் சீவிக்கொண்டு போனது. வண்டிக்குக் காத்திருந்த பொம்மைகள் ஏழெட்டு தண்டவாளத்தில். பிளாட்பாரக்காரர் எஞ்சினைச் சுருக்கச் சொன்னார், எஞ்சின்காரர் பிளாட்பாரத்தை வெட்டச் சொன்னார். இரண்டு பேருமே தாத்தாக்கள், இரண்டு பேருக்கும் பேரப்பிள்ளைகள் உண்டு. அரை மணி நேரம் பேச்சுவார்த்தை இல்லை.

அந்த ஜிஜி1ஐப் பார்க்க ஒரு பெரியவர் வந்தார். இளவயதில் அதில் தினம் வேலைக்குப் போனவராம். ஐந்து சுற்று அப்படியே நின்று பார்த்தார். முகம் மலர்ந்திருந்தது. எஞ்சின்காரரும் பக்கத்தில் போய் நின்றார். "ரொம்ப அழகு," என்றார் பெரியவர். "ஆனால், பெரிய சிவப்பு இலச்சினை போட்டிருக்கிறீர்களே, அது 1955க்குப் பிறகு வந்தது. அப்போது ஐந்து கோட்டை எடுத்துவிட்டு ஒரே தடித்த கோடாக்கிவிட்டார்கள்." சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவரையாவது நான் கையெடுத்துக் கும்பிடுவேன். அவர் பார்த்தார். மற்றவர்கள்? அதே ஸ்டேஷன் கூரைமேல் யாரோ ஒரு பேட்மேன் பொம்மையை ஒளித்து வைத்திருந்தார்கள். பிள்ளைகள் கண்டுபிடிக்கட்டும் என்று பத்து இடங்களில் இப்படி வைப்பது கிளப் வழக்கம். வருஷக்கணக்கில் உருவான எஞ்சின் பேட்மேனுக்கு முன்னால் போய்ப் போய் வந்தது. "அதோ பேட்மேன்!" என்று கூவினவர்கள் அத்தனை பேரும், வண்டி குறுக்கே வந்தால் அது போகட்டும் என்று பொறுமையாகக் காத்திருந்தார்கள்.

நம்மவர்கள் வந்தால் அது வேறு மாதிரி. எடிசன் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வருவார்கள். என் முகத்தைப் பார்த்ததும், "சார், நீங்க தமிழா?" ஆமாம் என்று சொல்லி வாய் மூடவில்லை, "ஊர்ல எங்க? இங்க எந்தக் கம்பெனி?" அதெல்லாம் முடிந்ததும், குரலைத் தாழ்த்தி, "பையன் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்கட்டுமே சார், கொடுங்களேன்." கயிறு மற்றவர்களுக்கு, நமக்கில்லை என்பது கணக்கு. அந்த அம்மா குழந்தையிடம், "தொடக் கூடாது கண்ணா," என்பார். அடுத்த மூச்சில், "மெதுவா தொடு," என்பார். குழந்தை இரண்டாவதை மட்டும் கேட்டுக்கொள்ளும். "அங்கிள் ஒண்ணும் சொல்லமாட்டார்," என்று எனக்கும் சேர்த்து அவரே வாக்குக் கொடுத்துவிடுவார். அங்கிள் ஒன்றும் சொல்வதில்லைதான். பிடுங்கிய சிக்னல் கம்பத்தைக் குழந்தை கையிலிருந்து வாங்கி, பல்லைக் கடித்துச் சிரித்துக்கொண்டே திரும்ப வைப்பார்.

வீட்டில் மட்டும் என்ன வாழ்கிறது? கும்பகோணத்திலிருந்து அம்மா வீடியோவில் பார்த்துவிட்டு, "இன்னும் பொம்மை வச்சு விளையாடிண்டிருக்கியாடா?" என்கிறாள். இதை யார் சொல்வது என்று பாருங்கள். ஒவ்வொரு நவராத்திரிக்கும் ஒன்பது படி கட்டி, கீழே மணலைக் கொட்டி, கேழ்வரகு முளைக்கவிட்டுப் பூங்கா போட்டு, அதில் தகர ரயிலும் ஸ்டேஷனும் வைத்து, செட்டியார் கடை பொம்மை ஒரு இஞ்ச் தள்ளி உட்கார்ந்திருந்தால் ராத்திரி எழுந்து போய்ச் சரிசெய்கிறவள் அவள். அந்த ரயிலைத் தொட்டதற்காக நான் வாங்கிய அடி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. நானும் அதேதான் செய்கிறேன். ஒரே வித்தியாசம், அவள் ரயில் ஓடாது. கொலுவுக்கு வருகிறவர்கள் பாட்டுப் பாடிவிட்டுச் சுண்டல் வாங்கிக்கொண்டு போவார்கள். ஒருத்தியாவது அம்மாவிடம் இதை ஒட்டியிருக்கிறீர்களா, மொத்தம் எவ்வளவு ஆச்சு என்று கேட்டிருப்பாளா?

இதெல்லாம்கூடப் போகட்டும், வெளி ஆட்கள். கிளப்புக்குள்ளேயே இந்த நோய் வந்துவிட்டதுதான் என்னால் தாங்க முடியாதது. ரயில் கிளப் என்று பெயர். வருகிற புதுசுகளில் பாதிப்பேர் கொண்டுவருவது கட்டடம். மூன்று மாடி ஹோட்டல், சினிமா தியேட்டர், மாதா கோவில். அழகாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. சனிக்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு வந்து, நாங்கள் தவழ்ந்து சமப்படுத்திய மேசையில் இறக்கி வைத்து, நாலு பக்கமும் நின்று போட்டோ எடுத்து, அன்றைக்கே ஊர் உலகத்துக்கெல்லாம் அனுப்பிவிடுகிறார்கள். அந்தப் போட்டோவில் ரயில் இருக்கும், ஓரத்தில், மங்கலாக. பேட்டரி மாற்றக் கூப்பிட்டால் எனக்கு ரயில் விவரம் தெரியாதே என்பார்கள். ரயில் கிளப்பில் சேர்ந்துகொண்டு சொல்கிற பேச்சா இது?

ஞாயிறு மாலை நாலு மணிக்கு ஒலிபெருக்கியில் கண்காட்சி முடிந்தது என்பார்கள். நாலேகாலுக்கு ஹோட்டலும் தியேட்டரும் காரில் ஏறிவிடும். ஒரு பெட்டியில் வைத்தால் முடிந்தது அவர்கள் வேலை. தண்டவாளம் அப்படியா? பிரித்த பிறகு ஒவ்வொன்றையும் திருப்பி அடியைப் பார்க்க வேண்டும். ஆளுக்கொரு நிறத்தில் பொட்டு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். எனக்கு மஞ்சள், ஜிஜி1காரருக்குப் பச்சை. பழைய 9 வோல்ட் தண்டவாளம் இப்போது விற்கிற விலைக்கு அதை யாரும் மறந்துவிட்டுப் போகமாட்டார்கள், மாற்றி எடுத்துக்கொண்டு போகத்தான் போவார்கள். மங்கிய மஞ்சள் எது, வெளுத்த பச்சை எது என்று அந்த ட்யூப்லைட் வெளிச்சத்தில் கண்டுபிடித்துவிட்டால் உங்கள் பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. அப்புறம் ஒயர் சுருட்ட வேண்டும். மேசைத் துணி மடிக்க வேண்டும். கயிற்றுக் கம்பங்களைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும். கார்ப்பெட்டில் முட்டி போட்டு, யார் காலிலும் குத்தாமல் இருக்க, சிதறிய சில்லுகளைப் பொறுக்க வேண்டும். அப்போது கூடத்தில் எஞ்சியிருப்பது எப்போதும் அதே மூன்று பேர். அந்த மூன்று பேருக்கும் முதுகுவலி.

அடுத்து ஒரு பொது நூலகத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர்களிடம் மேசை கிடையாது, நாமே கொண்டுபோக வேண்டும். யார் வண்டியில் எத்தனை மேசை ஏறும், வெள்ளிக்கிழமை யார் யார் வருவீர்கள் என்று கிளப்பின் வாட்ஸ்அப் குழுவில் திங்கட்கிழமையே கேட்டிருக்கிறேன். இதுவரை பதினோரு பேர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டியிருக்கிறார்கள். தியேட்டர்காரர் தன் புதுக் கட்டடத்தின் படத்தைப் போட்டு, ஜன்னலுக்கு வெளிச்சம் தர மின்சார ஒயர் கிடைக்குமா என்று விசாரித்திருக்கிறார். மேசை எத்தனை ஏறும் என்று ஒருவரும் சொல்லவில்லை.